ஹெட்போன் தம்பிதுரை

முதலில் மோந்து பார்ப்பார். ஹெட்போனின் பஞ்சு வைத்த இரண்டு கிண்ணங்களையும் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெல்ல மூச்சை இழுத்து, "ஜப்பானுங்க" என்பார். டப்பாவின் அடியில் தைவான் என்று அச்சடித்திருக்கும். கொண்டுவந்தவர் அதைச் சுட்டிக்காட்டினால், "அது டப்பாவுக்குங்க. உள்ள இருக்கற சாமான் ஜப்பான்" என்று முடித்துவிடுவார். பிறகு தோள்துண்டால் காதுகளையும் காதுக்குப் பின்னாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைத் தலையில் மாட்டி, தன் தறிக்குடோனுக்குள் நுழைவார். உள்ளே விசைத்தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிக்கு நடுவே போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்களை மூடிக்கொள்வார். அவர் வெளியே வரும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

சோமனூரில் தம்பிதுரை என்று கேட்டால் எந்தத் தம்பிதுரை என்பார்கள். ஹெட்போன் தம்பிதுரை என்றால் சைக்கிளை நிறுத்தி வழி காட்டுவார்கள். துபாயிலிருந்து வந்தவர், சிங்கப்பூருக்குப் போய்வந்த திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், கோயமுத்தூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சந்துக்கடையில் ஏமாந்தோமோ என்ற சந்தேகத்தில் இருப்பவர், எல்லோரும் அவர் வாசலில் வந்து நிற்பார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைக்கிறதா என்பதுதான் கேள்வி. தறிக்குடோனை விடப் பெரிய சத்தம் இந்த வட்டாரத்தில் கிடையாது என்பதால், அதில் தேறிய ஹெட்போன் உலகத்தில் எங்கேயும் தேறும் என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் நம்பினேன்.

அவரிடம் மூன்றே மார்க்குகள்தான். நல்ல சரக்கு என்றால் "ஊட்டிங்க" என்பார். அதாவது மாட்டியதும் ஊட்டியில் காலை நேரத்தில் நிற்பதுபோல் இருக்கிறதாம். நடுத்தரம் என்றால் "அவிநாசிங்க". கோயில் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது, மணியும் அடிக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று பொருள். ஆகாதது என்றால் ஹெட்போனைத் திருப்பிக் கையில் கொடுத்து, "அந்தியூர்ச் சந்தைங்க" என்பார். குதிரையும் மாடும் தரகர்களும் சேர்ந்து கத்தும் அந்தச் சந்தையை நினைத்துக்கொண்டு, கொண்டுவந்தவர் முகம் தொங்கப் போய்விடுவார்.

இந்த மூன்று மார்க்கும் எந்தக் கணக்கில் விழுகின்றன என்று எனக்குப் பிடிபடச் சில மாதங்கள் ஆயின. மோந்து பார்ப்பதற்கும் முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "என்ன ரேட்டுக்கு எடுத்தீங்க?" மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். கோவை நடைபாதையில் வாங்கிய ஒரு ஹெட்போனைக் கொண்டுபோய், சிங்கப்பூரிலிருந்து சகலை அனுப்பியது என்று ஒரு பெரிய விலையைச் சொன்னேன். குடோனுக்குள் போய் வந்தவர், "ஊட்டிங்க. அதுலயும் மார்கழி மாசத்து ஊட்டி" என்றார். அதே ஹெட்போனைச் சில நாள் கழித்து என் நண்பர் மயில்சாமி கொண்டுபோய் உள்ள விலையைச் சொன்னார். தம்பிதுரை கையில் வாங்கும்போதே உதட்டைப் பிதுக்கிவிட்டார். அதே குடோன், அதே தறிகள், அதே காது. "அந்தியூர்ச் சந்தைங்க. இதை மாட்டறதுக்குக் காதைச் சும்மா உட்டுரலாம்." மயில்சாமி வந்து சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஊரிடம் சொல்லலாமென்றால் ஊர் கேட்காது. நிபுணர் என்று ஒருவரை ஏற்றி உட்கார வைத்த பிறகு இறக்குவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் பொம்மையும் வெள்ளிக் குத்துவிளக்கும் இருக்கும் இடத்தில், இங்கே பாலிதீன் உறையோடு ஹெட்போன்கள் தொங்கும். அதில் அரசன், வயர் இல்லாதது. டி.வி. மேல் ஒரு சிறு பெட்டி, தலையில் ஹெட்போன். பெட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வந்து காதில் விழுந்து பாட்டாகிறதாம். நடுவில் யாராவது குறுக்கே போனால் பாட்டு அறுந்துவிடும். அதனால் அவர் கேட்கும் நேரத்தில் அந்த வீட்டில் யாரும் ஹாலில் நிமிர்ந்து நடக்கக் கூடாது. அவர் மனைவி மயிலாத்தாள் காப்பி டம்ளரோடு குனிந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து வந்து கொடுத்துவிட்டு, அதே மாதிரி திரும்பிப் போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முழங்கால் வலிக்காரி அவர்.

"வயர் இல்லாதது வந்துபோச்சுங்க. சத்தத்தைக் கொல்லற சாமான் அமெரிக்காவுல வந்துபோச்சுன்னு கேள்வி. ரெண்டும் ஒண்ணாச் சேந்து ஒரே சாமானா வரோணும். வந்தா அது மொதல்ல என்ற காதுக்குத்தானுங்க" என்பார். அப்படி ஒன்று தயாரித்து முடித்ததும் ஜப்பான்காரன் நேராகச் சோமனூர் பஸ் ஏறுவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஒரு சுவரால் வந்தது. அவருடைய குடோனின் மேற்குச் சுவர்தான் என் வாடகை வீட்டின் கிழக்குச் சுவர். அலமாரியில் வைத்த தட்டுகள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வரும். வீட்டில் நானும் மனைவியும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். சோமனூரில் இது புதிதில்லை. தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். டீக்கடையில்கூடத் தொண்டை கிழியத்தான் பேசுவார்கள். யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று வெளியூரார் கண்டுபிடிக்க முடியாது. உள்ளூராருக்கு அதைப் பற்றிய யோசனையே வராது.

அன்புமணிக்கு மட்டும் அந்த யோசனை வந்துவிட்டது. தம்பிதுரை குடோனில் வெகுகாலமாகத் தறி ஓட்டுகிறவன். அவன் மனைவி கிருபா அதே குடோனில் மூலையில் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற தாரில் நூல் சுற்றுகிறவள். தறி நின்ற பிறகும் அவன் காதுக்குள் சில்வண்டு கத்திக்கொண்டே இருந்தது. கிருபா அவனைக் கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். போன காது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள், காதை மூடிக்கொண்டு வேலை செய், இல்லாவிட்டால் தறியை விட்டுவிடு என்று டாக்டர் சொன்னார். தறியை விட்டால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. "தொட்டலுல கொழந்தை வீறிட்டு அழுகுதுங்க. பக்கத்துலயே படுத்துட்டு இவரு பாட்டுக்குத் தூங்கறாரு. அது பேச ஆரம்பிக்கறப்ப ஒரு வார்த்தையாவது இவரு காதுல உழுகோணுமில்லீங்களா?" என்று கிருபா என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

கிருபாவின் தம்பி கோயமுத்தூர் கணபதியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் வேலை செய்கிறான். அங்கே ஆட்களுக்குக் கொடுக்கும் காதுமூடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக், ஹெட்போன் மாதிரியே இருக்கும். பாட்டு வராது, சத்தத்தை மட்டும் குறைக்கும். அன்புமணி அதை மாட்டிக்கொண்டு தறியில் நின்ற முதல் நாளே முதலாளி பார்த்துவிட்டார். ஒரு ஹெட்போன் தன் பார்வைக்கு வராமல் தன் குடோனுக்குள்ளேயே நுழைந்துவிட்டதே என்ற கோபம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கழற்றி வாங்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். அன்புமணியும் கிருபாவும் பின்னாலேயே வந்தார்கள். நான் அப்போது வாசலில் நின்றிருந்தேன்.

மூக்கருகே கொண்டுபோகும் முன்பே, "என்ன ரேட்டு?" என்றார்.

"சும்மா குடுத்ததுங்க" என்றாள் கிருபா.

அப்போதே அதன் கதை முடிந்துவிட்டது. இருந்தாலும் முறைப்படி மோந்து, துண்டால் காதைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, குடோனுக்குள் போய் நின்று, திரும்பி வந்தார்.

"அந்தியூர்ச் சந்தை. சத்தம் பூரா உள்ள வருது. இதை மாட்டிட்டு நின்னா ஒரு பிரயோசனமும் இல்லை."

"பரவால்லீங்க, இருக்கறது இருக்கட்டுங்க. டாக்டரு சொல்லிப்போட்டாரு..." என்று இழுத்தாள் கிருபா.

"அப்பறம் இன்னொண்ணு. காதை இப்படி அடைச்சுக்கிட்டா நூல் அறுந்த சத்தம் எப்படிக் கேக்கும்? நாடா சிக்கிக்கிட்டா எப்படித் தெரியும்? தறிக்காரனுக்குக் காதுதான் கண்ணு. என்ற குடோன்ல இது ஆகாது."

கிருபா குரலில் மரியாதை குறையாமல்தான் கேட்டாள்: "ஏனுங் மொதலாளிங்க, சத்தம் பூரா உள்ள வருதுன்னுதானுங்களே சொன்னீங்க? அப்பறம் நூல் அறுந்தது மட்டும் எப்படிங்க கேக்காமப் போகும்?"

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தம்பிதுரை அசரவில்லை. தன் வாயிலிருந்து வந்த இரண்டு வார்த்தைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாவதைப் பற்றி நிபுணர்கள் கவலைப்படுவதில்லை. "உனக்கு அதெல்லாம் புரியாது கண்ணு. இந்தக் காது எத்தனை ஹெட்போனைப் பாத்த காது தெரியுமா? கம்ப்யூட்டர் மாதிரி. போ, போய்த் தாரைச் சுத்து" என்றார். காதுமூடி அவள் கைக்குத் திரும்பி வந்தது. மறுபடி அதை மாட்டிக்கொண்டு வந்தால் வேறு குடோன் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்புமணி பழையபடி பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு தறிக்குப் போனான். அலமாரியில் அத்தனை ஹெட்போன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருவனுடைய காதுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியை மறுக்கிற மனிதரை என்னவென்று சொல்வது? அன்றிலிருந்து எனக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பு வருவது நின்று எரிச்சல் வர ஆரம்பித்தது.

அவிநாசித் தேருக்கு மறுநாள் அவருடைய அக்கா மகன் கதிரேசன் வந்தான். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, பெண் பார்ப்பதற்காக லீவில் வந்திருந்தான். மாமாவுக்கென்று அவன் கொண்டுவந்தது அவர் வருஷக்கணக்காகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்த அதே சாமான். வயர் உண்டு. வயரின் நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது கேட்டு, அதற்கு எதிர்ச் சத்தம் போட்டு, இரண்டையும் மோதவிட்டு அமுக்கிவிடுமாம். பெட்டியில் ஒரு பட்டன். அதைப் போட்டால்தான் வேலை செய்யும்.

"தெரியும் மாப்ள. ஒரு ரவுடியை உட்டு இன்னொரு ரவுடியை அடிக்கறது" என்றார் தம்பிதுரை. விலையைக் கேட்டார். கதிரேசன் டாலரில் சொன்னான். தம்பிதுரை மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேருக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். தன் தீர்ப்புக்குச் சாட்சி எத்தனை இருந்தாலும் அவருக்குப் போதாது.

மோந்தார், துடைத்தார், மாட்டினார், குடோனுக்குள் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. தறிகளின் நடுவே நின்று, பெட்டியை உயர்த்தி எங்களுக்குக் காட்டி, பட்டனை அழுத்தினார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. உடம்பே லேசாக மிதப்பதுபோல் ஆடினார். பட்டனை அணைத்தார், முகத்தைச் சுளித்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி மலர்ந்தார். நாடகக் கொட்டகையில்கூட இவ்வளவு தெளிவாக யாரும் நடித்து நான் பார்த்ததில்லை.

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றன. எங்கோ ஒரு மாடு கத்துவது கேட்டது. தறி நின்றதால் அன்புமணியும் கிருபாவும் மற்றவர்களும் காற்றுக்காக வெளியே வந்து சுவரோரமாக நின்றார்கள்.

"ஊட்டியெல்லாம் இல்லைங்க. ஊட்டிக்கும் மேல!" என்று தம்பிதுரை ஆரம்பித்தார். "பட்டனைப் போடறதுக்கு முந்தி தறி ஓடுது. போட்டதுக்கப்பறம் தறி செத்துப்போச்சு. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ரவுடி ரவுடியை அடிச்சுப்போட்டான்."

அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கதிரேசன் முகத்தைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தான். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த கேமராவைத் திறந்து பார்த்தான். "மாமா, அதுல பேட்டரி இல்லீங்க" என்றான். "தேரைப் போட்டோ எடுக்கறப்ப கேமராவுக்குத் தீந்துபோச்சு. இதுலிருந்து கழட்டிப் போட்டுட்டேன். திருப்பிப் போட மறந்துட்டனுங்க."

நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் பேச்சை விட்டுவிட்டுக் கதிரேசன் பக்கம் திரும்பினார்கள். தம்பிதுரை மட்டும் நிறுத்தவில்லை. "அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான். பட்டன்லதான் வித்தையே இருக்குது."

"மாமா, பேட்டரி இல்லீங்க மாமா" என்றான் கதிரேசன், கொஞ்சம் உரக்க.

"பட்டனை அமுத்தறப்பவே காதுக்குள்ள ஜில்லுங்குது பாருங்க..."

அவர் திரும்பவில்லை. தறி ஓடவில்லை, காற்றில்லை, இலை அசையவில்லை. அவருக்கும் கதிரேசனுக்கும் நடுவில் இருந்தது ஒரு நாற்காலி தூரம். அந்த வாசலில் உள்ள அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. இவ்வளவு நாளும் எங்கள் ஊரின் காது நிபுணர் எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து அதே குடோனில் நின்ற மனிதர். அவர் எப்போதோ செவிடாகிவிட்டார். சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசுவதால் அது யாருக்கும் தெரியவில்லை, ஒருவேளை அவருக்கே தெரியவில்லை. இவரிடம்தான் ஊரே ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. நானும்தான். இவருடைய தீர்ப்பால்தான் அன்புமணி காதில் பஞ்சோடு நிற்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மயிலாத்தாள் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு போய், கணவருக்கு நேர் முன்னால் நின்றார். அவர் எப்போதுமே அப்படி முன்னால் போய் நின்றுதான் பேசுவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டை நன்றாகப் பிரித்து, "அதுல பேட்டரி இல்லையாமுங்க" என்றார்.

தம்பிதுரை பெட்டியைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். உள்ளே சுருள்கம்பி மட்டும் இருந்தது. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு பழைய மனிதர் வந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "பேட்டரி இல்லாமயே இந்தப் போடு போடுதுன்னா, இருந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கங்க!"

எதிரே இருந்தவர்கள் காப்பி டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சுவரோரத்திலிருந்து, அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து, கிருபா பேசினாள்.

"மொதலாளிங்க, எங்கூட்டுக்காரரு அந்தக் காதுமூடியைப் போட்டுக்கட்டுங்களா?"

தம்பிதுரை அசையவில்லை. கிருபா இன்னொரு தடவை கேட்டாள், அதே குரலில், ஒரு இழைகூட உயர்த்தாமல். வேண்டுமென்றேதான் உயர்த்தவில்லை என்று நினைக்கிறேன். அவர் கையில் இருந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மயிலாத்தாள் கணவரின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். "போட்டுக்கச் சொல்லு அம்மணி" என்றார். "இந்த ஊட்டுல ஒருத்தரு போதும்."

கரண்ட் வந்தது. தறிகள் மறுபடி அடிக்க ஆரம்பித்தன. கிருபா புடவைக் கொசுவத்துக்குள்ளிருந்து மஞ்சள் மூடியை எடுத்தாள். இத்தனை நாளும் அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தார் சுற்றியிருக்கிறாள். அன்புமணி காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். சொந்தக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். கதிரேசன் கேமராவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தான்.

கடைசி ஆள் போனதும் தம்பிதுரை குடோனை நோக்கி வேகமாக நடந்தார். என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்ததால் நானும் கதவு வரைக்கும் போனேன். மூலையில் கிருபாவின் கை தாரில் நின்றுவிட்டது. அவர் அன்புமணிக்குப் பின்னால் போய் நின்று ஏதோ கத்தினார். அவன் திரும்பவில்லை. இன்னும் நெருங்கிக் கத்தினார். அவனுக்கு முன்னால் பாவு நூலில் ஒரு இழை அறுந்தது. அவன் கண் அதைப் பிடித்துக்கொண்டது. கை தானாகப் போய்த் தறியை நிறுத்தியது. குனிந்து, இழையைத் தேடி எடுத்து, முடிந்து, மறுபடி ஓட்டினான். பின்னால் முதலாளி நிற்பதே அவனுக்குத் தெரியாது.

தம்பிதுரையின் கை அந்த மஞ்சள் மூடியை நோக்கி உயர்ந்தது. கிருபா எழுந்து நின்றாள். அந்தக் கை அவன் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து, அப்படியே நின்று, திரும்பித் தன்னிடமே வந்தது. சுண்டுவிரலைத் தன் காதுக்குள் விட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, குளிக்கும்போது தண்ணீர் புகுந்துவிட்டவரைப்போல நன்றாக உலுக்கினார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மறு காதையும் உலுக்கினார்.